உயிலில் ஒரு சர்வே எண், பட்டாவில் வேறொன்று

அப்பா எனக்கு எழுதி வைத்த புஞ்சைக்குப் பட்டா மாற்றக் கொடுத்த மனு திரும்பி வந்தது. காரணம், உயிலில் உள்ள சர்வே எண்ணில் அப்பா பெயரில் நிலமே இல்லையாம். உயிலில் கோளாறு இல்லை. சாட்சிகள் இருவரும் இருக்கிறார்கள், தங்கைக்கும் ஆட்சேபம் இல்லை.

முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். அந்த எண்ணுக்கு யாரோ ஒருவரின் பத்திரங்கள் வந்தன. அப்புறம் ஆவண எழுத்தர் பிழைதிருத்தல் பத்திரம் போடலாம் என்றார். உயில் எழுதியவரே இல்லாதபோது அதை யார் போடுவது?

விஷயம் தாத்தாவின் பழைய கிரையப் பத்திரத்தில் இருந்தது. உயிலின் சொத்து விவரம் அதைப் பார்த்து எழுதியது. நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க அரசு நடத்திய யூ.டி.ஆர். அளவைக்குப் பிறகு எங்கள் ஊரில் எண்கள் மாறிவிட்டன. சென்ட்டும் ஏர் ஆகிவிட்டது: உயிலில் 62 சென்ட், பட்டாவில் 25 ஏர். ஒரு சென்ட் சுமார் 40.47 சதுர மீட்டர், ஒரு ஏர் 100 சதுர மீட்டர். பெருக்கினால் சரியாக வருகிறது.

வழி கிடைத்தது, ஊர் நிலங்களின் விவரம் எல்லாம் இருக்கும் கிராமத்தின் 'அ' பதிவேட்டில். புதிய எண்ணுக்குப் பக்கத்திலேயே பழைய எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அந்தப் பக்கத்தின் நகல், உயில், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தங்கையின் சம்மதக் கடிதம் எல்லாம் வைத்துப் புதிதாக மனு கொடுத்தேன். வி.ஏ.ஓ. நேரில் வந்து நான்கெல்லையை ஒத்துப் பார்த்தார். பட்டா என் பெயருக்கு வந்துவிட்டது. பெரிய நிம்மதி.

அம்மா இப்போது எழுதும் உயிலில் பழைய எண், புதிய எண் இரண்டையும் சேர்த்திருக்கிறோம்.