தயங்கும் வீட்டுக்கு ஃபைபர் நெட் கொடுப்பது எப்படி?

"போன்லயே நெட் இருக்கே, தனியா எதுக்கு?" பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கம் இணைப்பு கேட்டுப் போகும் கேபிள்காரர் காதில் முதலில் விழுவது இதுதான். அதற்கு "100 எம்பிபிஎஸ் வேகம்" என்று பதில் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வீட்டில் எத்தனை போன், எதற்கு எவ்வளவு ரீசார்ஜ் என்று கேட்டுத் தாளில் எழுதுங்கள். 28 நாள் பேக் வருடத்துக்கு 12 அல்ல, 13 முறை வரும், அந்த 13-ஆல் பெருக்குங்கள். பக்கத்திலேயே ஃபைபர் கட்டணத்தை 18 சதவீத ஜிஎஸ்டியோடு எழுதுங்கள். வரியை விட்டுவிட்டுச் சொன்ன விலை முதல் பில்லிலேயே நம்பிக்கையைக் கெடுக்கும்.

ரீசார்ஜே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வேலைக்கு ஓசூர் போய்வருகிறவருக்கு வழியில் டேட்டா தேவை. வீட்டோடு இருக்கும் பெரியவர் போனைப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்குக்கு மாற்றலாம். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட பேக் கிடைக்கிறது. தனி ஆள், ஒரே போன் என்றால் வற்புறுத்த வேண்டாம். அவருக்கு உண்மையிலேயே தேவையில்லை.

மா விவசாயியிடம் ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கேட்பதை அறுவடைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய. நோட்டீஸ் தமிழில் மட்டும் இருந்தால் போதாது.

சேர்த்த வீட்டைத் தக்கவைப்பது வேலையின் சுத்தம்தான். கரும்பு லோடு, வைக்கோல் லோடு போகும் தெருவில் தாழத் தொங்கும் வயர் அறுந்தே தீரும். சாலையைக் கடக்கும் இடத்தில் 20 அடிக்குக் குறையாமல் இழுங்கள். மின்வாரிய அனுமதி இல்லாமல் கரண்ட் கம்பத்தில் கட்டாதீர்கள். ஜன்னல் ஓரத்தில் ஃபைபரை முறுக்கி மடித்தால் வெளிச்சம் கசிந்து சிக்னல் இறங்கும். வளைவு அகலமாக இருக்கட்டும். பின்னால் வெட்டி ஒட்ட இரண்டு மூன்று மீட்டர் சுருட்டி விடுங்கள். மோடத்தில் செருகும் முன், ஃபைபரில் வரும் வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டரில் அளவு பாருங்கள். வீட்டு ஃபைபருக்கான ஜிபான் வகை மோடம் பெரும்பாலும் மைனஸ் 27 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) வரை பிடிக்கும். ஆனாலும் மைனஸ் 25-ஐவிடப் பலவீனமாக, அதாவது மைனஸ் 26, 27 என்று இருந்தால் விட்டுவிட்டு வராதீர்கள். கனெக்டரைத் துடைத்து, தேவைப்பட்டால் வெட்டிப் புதிதாகப் போடுங்கள். அப்படியே விட்டால் இன்று ஓடும், கனெக்டரில் தூசி ஏறினால் நின்றுவிடும்.

"நெட் ஸ்லோ" என்ற புகாரில் பல நேரம் வைஃபையில்தான் கோளாறு. வயர் நுழையும் வாசல் மூலையிலேயே மோடத்தை மாட்டுவது, இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைப்பது இரண்டுமே தவறு. கூடத்து நடுச்சுவரில் ஆள் உயரத்தில் மாட்டுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். உள்ளறைக்கும் பழைய போனுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ். வேகத்தை முதலில் லேன் வயரில் சோதித்துக் காட்டுங்கள், பிறகு ஒவ்வொரு அறையிலும் வைஃபையில்.

கரண்ட் போனால் மோடமும் அணையும். மினி யுபிஎஸ் வாங்கச் சொல்லும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட். 9 வோல்ட் யுபிஎஸ் சேராது. உங்கள் தரப்பில் வீடுகளுக்கு சிக்னல் அனுப்பும் கருவியான ஓஎல்டிக்கு பேட்டரி இல்லாவிட்டால் வீட்டில் யுபிஎஸ் இருந்தும் பயனில்லை, அதை முதலில் சரிசெய்யுங்கள்.

கிளம்பும் முன் மோடத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: வைஃபை பாஸ்வேர்டு, பில் தேதி, புகாருக்கு எடுத்துப் பேசும் ஒரு எண், 'சிவப்பு விளக்கு எரிந்தால் வயர் கோளாறு, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் பண்ணுங்க' என்ற ஒரு வரி.