ஹைட்ரஜன் தண்ணீர்: ரத்தக்குழாய்க்காகக் குடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹைட்ரஜன் வாயு கரைந்த தண்ணீரை, ரத்தக்குழாய்க்கு நல்லது என்று நம்பி, தொப்பையும் சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்கள் குடிக்கிறார்கள். அவர்கள் செய்யும் முதல் தவறு, இடுப்பை அளக்க டேப் பிடிக்கும்போதே நடந்துவிடுகிறது. வேட்டியோ புடவையோ தொப்பைக்குக் கீழே இறங்கியிருக்கும். அந்த இடத்தில் அளந்துவிட்டு "எனக்கு ஒன்றுமில்லை" என்று போய்விடுகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். நம்மவர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எட்டினால் அது ஒரு குறி. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150, ரத்த அழுத்தம் 130/85, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 ஆகியவற்றை எட்டுவதும், நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50க்குக் கீழே போவதும் மற்ற குறிகள். ஐந்தில் மூன்று சேர்ந்தால் அதற்குப் பெயர் மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது வளர்சிதை மாற்றக் கோளாறு.

இந்த நிலையில் முதலில் அடிபடுவது ரத்தக்குழாயின் உட்சுவர். அங்கே சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடுதான் குழாயைத் தளர்த்துகிறது. உடலில் ஆக்சிஜன் கழிவுகள் மிகும்போது அது வீணாகி, குழாய் இறுகுகிறது. அந்தக் கழிவுகளில் மிகக் கொடியதான ஹைட்ராக்சில் ரேடிக்கலை ஹைட்ரஜன் வாயு தேர்ந்து தணிக்கிறது என்று 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதிய பிறகே இந்தத் தண்ணீர் மீது கவனம் திரும்பியது.

அடுத்த தவறு, ஆல்கலைன் (காரத்தன்மையுள்ள) தண்ணீரையும் இதையும் ஒன்றாக நினைப்பது. பி.எச். 9 காட்டும் தண்ணீரில் ஹைட்ரஜன் துளிகூட இல்லாமல் இருக்கலாம். பார்க்க வேண்டியது கரைந்த ஹைட்ரஜனின் பிபிஎம் அளவு, அதாவது ஒரு லிட்டரில் எத்தனை மி.கி. என்பது. அதைச் சோதிக்க மெத்திலீன் புளூ என்ற நீலச் சோதனைத் திரவம் உண்டு; சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்ப்பது, குடிப்பதற்கல்ல.

பெரிய ஏமாற்றம் அளவில்தான். சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் தாங்கும் ஹைட்ரஜன் சுமார் 1.6 மி.கி. 2020இல் வெளிவந்த ஆய்வில் மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ள 60 பேருக்கு 24 வாரம் கொடுத்தது நாளொன்றுக்கு 5.5 மில்லிமோலுக்கு மேல், அதாவது சுமார் 11 மி.கி. கொழுப்பும் சர்க்கரையும் குறைந்தது அந்த அளவில். சாதாரண பாட்டிலில் தயாராகும் 300 மி.லி. தண்ணீரில் ஹைட்ரஜன் அரை மி.கி. கூட வராது. நாளுக்கு ஒரே ஒரு தடவை அதைக் குடித்துவிட்டு ஆய்வின் பலனை எதிர்பார்ப்பது கணக்குக்கே ஒவ்வாது. 2014இல் கையின் ரத்தக்குழாய் விரிவதை அளந்த ஜப்பானிய ஆய்விலும் 7 பிபிஎம் தண்ணீர்தான் கொடுத்தார்கள். 34 பேர், ஒரே ஒரு வேளை. அதை நீண்டகாலப் பலனுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதிக அளவு வேண்டுமென்றால், தண்ணீரில் போட்டதும் ஹைட்ரஜனை வெளிவிடும் மெக்னீசியம் மாத்திரை. டம்ளரில் போட்டதும் தண்ணீர் அரிசி களைந்த நீர் போல வெளுக்கும். அந்த வெண்மை முழுக்க நுண்குமிழிகள். மாத்திரை கரைந்து முடிந்ததும், வெளுப்பு தெளிவதற்குள், ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். தெளிந்த பிறகு குடித்தால் வாயுவில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி வயலுக்கு எடுத்துப் போவதும் வீண். ஹைட்ரஜன் மூலக்கூறு பிளாஸ்டிக்கையே ஊடுருவும். சுடவைத்தால் இன்னும் சீக்கிரம் பறக்கும். திறந்த டம்ளருக்கான மாத்திரையைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடாதீர்கள்; அழுத்தம் ஏறி வெடிக்கும்.

மின்சாரத்தால் தண்ணீரிலிருந்தே ஹைட்ரஜன் எடுக்கும் மின்பகுப்பு பாட்டில் வைத்திருப்பவர்கள், எந்தத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள் என்று பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பேறிய போர் தண்ணீரை ஊற்றினால், நடுவே சவ்வு இல்லாத மலிவான பாட்டிலில் உப்பின் குளோரைடு குளோரினாக மாறும். மூடியைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாடை வந்தால் குடிக்காமல் கொட்டிவிடுங்கள். கடினநீர் தகட்டில் வெள்ளைப் படிவு விடும். சவ்வுள்ள பாட்டில் வாங்கி, கேனில் வரும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவதே நல்லது.

பலனைச் சரிபார்ப்பதிலும் சறுக்குகிறார்கள். மூன்று வேளைச் சோற்றை இரண்டாக்கி, நடைப்பயிற்சியும் தொடங்கி, அதே வாரம் இந்தத் தண்ணீரையும் ஆரம்பித்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. முன்பும் 24 வாரம் கழித்தும் ஒரே ஆய்வகத்தில், 10 முதல் 12 மணி நேரம் உண்ணாமல் ரத்தம் கொடுங்கள். பிரஷர் பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பு டிகிரி காபி வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு பாருங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, தண்ணீரை நம்பி மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ நிறுத்துவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மெக்னீசியம் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. வெளியேற முடியாத மெக்னீசியம் ரத்தத்தில் தங்கி இதயத் துடிப்பையே தளர்த்திவிடும்.