ஃபிளாஷ்கார்டு கருவிக்கு ஏஐ ஏஜென்ட் படிக்கும் கையேடு எழுதுவது எப்படி?

ஆன்கி என்ற ஃபிளாஷ்கார்டு மென்பொருளில் உள்ள கார்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டியதில்லை. "எழுத்துப்பிழைகளைச் சரிசெய்" என்று ஒரு ஏஐ ஏஜென்டிடம், அதாவது கருவிகளை இயக்கி வேலையைத் தானே செய்யும் ஏஐயிடம், சொல்லிவிடலாம். ஆன்கிகனெக்ட் என்ற ஆட்-ஆன் அதற்கு வழி செய்கிறது. ஆனால் ஏஜென்டுக்குக் கருவியைப் பற்றி நாம் எழுதிக் கொடுப்பதுதான் தெரியும். எழுதாமல் விட்டதைப் பல நேரம் கேட்காமல், தானே ஊகித்துக்கொண்டு வேலையை முடித்துவிடும்.

நான் முதலில் எழுதிய கையேட்டில் "கார்டுகளைச் சேர்க்கலாம், திருத்தலாம், நீக்கலாம்" என்று மட்டும் இருந்தது. ஏஜென்ட் பிழையுள்ள நோட்டை (கார்டின் தகவல் இருக்கும் இடம்) அழித்துவிட்டு, சரியான எழுத்தோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தது. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. ஒவ்வொரு கார்டையும் அடுத்து எப்போது காட்டுவது என்று ஆன்கி ஓர் அட்டவணை வைத்திருக்கும். ஆனால் மாதக்கணக்கில் படித்து அதில் நீண்டிருந்த இடைவெளிகள் போய், அவை புதுக் கார்டுகளாக வந்து நின்றன. படித்தவர் உழைப்பு அந்த அட்டவணையில்தான் இருக்கிறது. அதைக் காப்பாற்றுவதுதான் கையேட்டின் முதல் வேலை.

படி 1: நோட் வேறு, கார்டு வேறு என்று எழுதுங்கள்

பேச்சில் எல்லாவற்றையும் கார்டு என்றே சொல்கிறோம். ஆன்கியில் அப்படி இல்லை. நாம் தட்டச்சு செய்யும் தகவல் நோட்டில் இருக்கும். அதிலிருந்து கார்டுகள் உருவாகும். ஒரு வாக்கியத்தில் சி1, சி2, சி3 என மூன்று கோடிட்ட இடங்கள் வைத்தால் நோட் ஒன்றுதான், கார்டுகள் மூன்று. ஒரு கார்டில் தெரியும் பிழையைத் திருத்த நோட்டின் ஃபீல்டைத்தான் (கேள்வி, பதில் போன்ற பகுதி) மாற்ற வேண்டும், அது மற்றக் கார்டுகளிலும் தெரியும். இந்த விளக்கம் கையேட்டின் தொடக்கத்திலேயே வரட்டும்.

படி 2: இணைப்பு

இது சில வரிதான். ஆன்கி திறந்திருக்க வேண்டும். ஏஜென்டின் கட்டளைகள், அதே கணினியில் ஆன்கிகனெக்ட் கேட்டுக்கொண்டிருக்கும் 8765-ஆம் போர்ட்டுக்கு, ஜேசன் என்ற தரவு வடிவில் போஸ்ட் கோரிக்கையாகப் போகும். ஒவ்வொரு கோரிக்கையிலும் ஆன்கிகனெக்ட் வெர்ஷன் 6 என்று குறிக்கச் சொல்லுங்கள். 4 அல்லது அதற்குக் கீழே கொடுத்தால் பதிலில் பிழைச் செய்தி தனியாக வராது.

படி 3: ஒவ்வொரு கட்டளைக்கும் நான்கு கேள்விகள்

எப்போது பயன்படுத்துவது, என்ன கொடுப்பது, என்ன பதில் வரும், எங்கே தவறும்? அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். 'அப்டேட்நோட்ஃபீல்ட்ஸ்' கட்டளைக்கு நான் எழுதியது இது:

"ஏற்கெனவே உள்ள நோட்டின் எழுத்தை மாற்ற இதை மட்டுமே பயன்படுத்து. நோட்டின் எண்ணையும், மாற்ற வேண்டிய ஃபீல்டையும் கொடு. கொடுக்காத ஃபீல்டுகள் அப்படியே இருக்கும். கொடுத்த ஃபீல்டின் பழைய உள்ளடக்கம் முழுவதும் போய்விடும். அதனால் முதலில் 'நோட்ஸ்இன்ஃபோ' மூலம் படித்துக்கொள். வெற்றி என்றாலும் பதில் 'நல்' (null, வெற்று மதிப்பு) என்றுதான் வரும், அது பிழை இல்லை. ஆன்கியின் பிரவுசர் ஜன்னலில் அந்த நோட் திறந்திருந்தால் மாற்றம் பதியாது. மூடச் சொல்லிவிட்டு மறுபடி செய்."

'நல்' பற்றிய வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், மாற்றம் நடக்கவில்லை என்று நினைத்து ஏஜென்ட் வேறு வழி தேடப் போகும்.

அப்புறம், ஃபீல்டில் இருப்பது எச்டிஎம்எல், அதாவது வலைப்பக்கங்களை எழுதும் மொழி. வெறும் என்டர் தட்டினால் கார்டில் வரி மாறாது, பிஆர் டேக் (<br>) வேண்டும். இதையும் சேருங்கள்.

படி 4: அழிக்கும் கட்டளைகளைப் பிரித்து வையுங்கள்

'டெலீட்நோட்ஸ்' நோட்டோடு அதன் எல்லாக் கார்டுகளையும் நீக்கிவிடும். "கவனமாக இரு" என்று எழுதினால் போதாது. என்ன செய்ய வேண்டும் என்றே சொல்லிவிடுங்கள்: நீக்கப்போகும் நோட்டுகளின் எண்ணிக்கையையும் முதல் சில நோட்டுகளையும் காட்டி, பயனர் சரி என்ற பிறகே நீக்கு. திருத்துவதற்காக ஒருபோதும் நீக்காதே. பெரிய மாற்றத்துக்கு முன் டெக்கை (கார்டுகளின் தொகுப்பு) ஏற்றுமதி செய். ஏற்றுமதியில் அட்டவணைத் தரவு தானாக வராது, அதற்கான விருப்பத்தைத் தேர்ந்தால்தான் சேரும். அந்த விருப்பத்தின் பெயரையும் கையேட்டிலேயே கொடுத்துவிடுங்கள்.

படி 5: சோதனை

கையேட்டை 'ஏஜென்ட்ஸ் டாட் எம்டி' (AGENTS.md) என்ற பெயரில் திட்டத்தின் முதன்மை ஃபோல்டரில் வையுங்கள். பல ஏஜென்ட்கள் இந்தக் கோப்பைத் தாமாகவே படிக்கும். அடுத்து, ஐந்து நோட்டுகளோடு ஒரு சோதனை டெக் உருவாக்குங்கள். ஒன்றில் எழுத்துப்பிழை, ஒன்றில் மூன்று கோடிட்ட இடங்கள், இரண்டில் ஒரே கேள்வி இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒருமுறை படித்து அட்டவணை ஏற்றிக்கொள்ளுங்கள். பழைய உரையாடல் எதுவும் இல்லாத புது அமர்வில், "பிழையைத் திருத்து, இரட்டிப்பை நீக்கு" என்று மட்டும் சொல்லுங்கள்.

முடிந்ததும், திருத்திய நோட்டின் எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் அழித்துவிட்டுச் சேர்த்திருக்கிறது. படி 3-க்குப் போய் அந்தப் பதிவை இன்னும் தெளிவாக எழுதுங்கள். இரட்டிப்பை உங்களைக் கேட்காமல் நீக்கியிருந்தால் படி 4.