பொறுப்புக்கு வந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: சபையில், வேலையில், வீட்டில்

திருச்சபையின் நிர்வாகப் பிரிவான சேகரத்தில் தேர்தல் முடிந்து புதிய கமிட்டி பொறுப்பேற்கும் ஒவ்வொரு முறையும், எங்கள் தலைமுறை இளவயதில் செய்த அதே பிழைகளைப் புதியவர்களும் அதே வரிசையில் செய்வதைப் பார்க்கிறேன். பெருமை, கோபம், நேரந்தவறுதல் ஆகியவற்றைப் பற்றி ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்கிறவர்களுக்கு அவற்றை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. நல்ல எண்ணத்தோடும் ஜெபத்தோடும் செய்யப்படுவதால் தவறென்றே தெரியாமல் போகிற சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் தானே செய்வது

காலைமுதல் மாலைவரை தனியாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்குகளை விசாரித்த மோசேயிடம், ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தும்படி அவருடைய மாமனார் எத்திரோ சொன்னார் (யாத்திராகமம் 18). சபையார் கூடி உண்ணும் அசன விழாவுக்கு அரிசி வாங்குவதுமுதல் நன்றியுரை வரை ஒரே செயலர் பார்த்தால் அந்த ஆண்டு விழா நன்றாகவே நடக்கும். அடுத்த ஆண்டு நடத்தத் தெரிந்த ஆள் இருக்காது.

கர்த்தருடைய பெயரால் விவாதத்தை முடிப்பது

இதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. ஒரு சபையில் சமூகக் கூடம் கட்ட இடம் பார்த்தபோது, ஆலயத்துக்குப் பின்னால் இருந்த தாழ்வான மனையைத் தலைவர் விரும்பினார். பொதுப்பணித் துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு கமிட்டி உறுப்பினர், ஐப்பசி மழையில் குளம் நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும் என்று சொல்லத் தொடங்கினார். "உபவாசித்து ஜெபித்தேன், கர்த்தர் இந்த இடத்தைத்தான் காட்டினார்" என்றார் தலைவர். தண்ணீரைப் பற்றிய கேள்வி அந்த ஒரு வாக்கியத்தால் விசுவாசத்தைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டதால், மேற்கொண்டு பேசினால் தேவனுக்கே எதிராகப் பேசுகிறவராகத் தோன்றுவோமோ என்று அஞ்சி அந்தப் பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

முதல் மழையிலேயே அஸ்திபாரக் குழிகளில் தண்ணீர் நின்றது. அப்போதும் இடத்தை மாற்ற யாருக்கும் துணிவு வரவில்லை. மாற்றினால் கர்த்தர் தவறாகச் சொல்லிவிட்டார் என்று பொருளாகிவிடும் அல்லவா? மண்ணடித்து மேடாக்குவதிலேயே கட்டட நிதியின் பெரும்பகுதி கரைந்தது. பணத்தை மறுபடியும் சேர்க்கலாம். ஆனால் அந்தக் கமிட்டியில் இருந்த வாலிபர்கள், "ஜெபித்து எடுத்த முடிவு" என்று யார் எங்கே சொன்னாலும் இன்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

வேதத்தில் வரும் தலைவர்கள் இவ்வளவு தாராளமாகக் கர்த்தரைச் சாட்சிக்கு இழுப்பதில்லை. தாவீது ஆலயம் கட்ட விரும்பியபோது, மனதிலுள்ளபடியே செய்யும் என்று நாத்தான் சொல்லிவிட்டார். அன்று இரவே கர்த்தருடைய வார்த்தை வேறுவிதமாக வந்ததால், தீர்க்கதரிசியாயிருந்தும் அரசனிடம் திரும்பிப் போய்த் தாம் முன்பு சொன்னதற்கு மாறானதைச் சொன்னார் (2 சாமுவேல் 7). பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, கர்த்தர் கட்டளையிடுவது எது, தம்முடைய அபிப்பிராயம் எது என்று பிரித்தே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 7). நெகேமியா இன்னும் ஒரு படி மேலே போகிறார்: தேவன் தம் மனதில் வைத்ததை ஒருவருக்கும் அறிவிக்காமல், இரவில் சிலரோடு புறப்பட்டு எருசலேமின் இடிந்த அலங்கத்தை, அதாவது மதிலை, சுற்றிப் பார்க்கிறார், பிறகு ஜனங்களிடம் பேசும்போதும் பட்டணத்தின் பாழான நிலையை முதலில் காட்டிவிட்டுத்தான் தேவனுடைய கரத்தைப் பற்றிச் சொல்கிறார். "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எருசலேம் சபை எழுதியதை மேற்கோள் காட்டுகிறவர்கள், அதே அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரத்தில் அதற்கு முன் நடந்த நீண்ட விவாதத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

வேலையிடத்தில் இந்தத் தவறு வேறு உருவில் வருகிறது. அச்சகமோ துணிக்கடையோ நடத்தும் விசுவாசி ஒருவர், "இது வியாபாரமில்லை, ஊழியம்" என்று சொல்லி, கூடுதல் நேரம் வேலைபார்த்தவர் அதற்குரிய கூலியைக் கேட்க முடியாதபடி செய்துவிடுகிறார். ஏழைக் கூலியாளின் கூலியைச் சூரியன் மறையும் முன்னே கொடுத்துவிடச் சொல்லும் உபாகமம் 24-ஆம் அதிகாரம் அப்போது அவருக்கு நினைவுக்கு வருவதில்லை. வீட்டிலோ, மகள் எந்தக் கல்லூரியில் சேரவேண்டும் என்பதை ஜெபத்தில் கிடைத்த பதிலாகத் தகப்பன் அறிவிக்கிறார். மகளும் ஜெபித்திருக்கலாம் என்று அவர் நினைத்துப்பார்ப்பதில்லை.

ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "ஜெபித்தபின் எனக்கு இப்படித் தோன்றுகிறது, காரணங்கள் இவை, இதில் என்ன குறை காண்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, வயதில் இளையவரை முதலில் பேசவிட்டு, தலைவர் கடைசியில் பேசட்டும். மறுப்புச் சொன்னவருடைய காரணத்தையும் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். பின்னால் முடிவை மாற்ற நேர்ந்தால், யாருடைய விசுவாசத்தையும் தொடாமல் மாற்றுவதற்கு அந்த வரிகள் உதவும்.

மேடையிலிருந்து கண்டிப்பது

தனியாகப் போய்ச் சொல்லுங்கள் (மத்தேயு 18:15). பெயரைக் குறிப்பிடாமல் ஜெபத்தில் குத்திக்காட்டுவதும் மேடைக் கண்டிப்பே.

வீட்டில் பேச்சோடு நிறுத்திக்கொள்வது

ஆசாரியரான ஏலி, பணியில் தவறு செய்த தம் குமாரரிடம் கேள்வி கேட்டார், புத்தி சொன்னார் (1 சாமுவேல் 2). ஆனால் ஆசாரியப் பணியிலிருந்து அவர்களை விலக்கவில்லை. சொந்தப் பிள்ளையின் கையில் சபைப் பொறுப்பு ஒன்று இருக்கும்போது, தகப்பனாகப் புத்தி சொல்வதோடு தலைவனின் கடமை முடிந்துவிடுவதில்லை.

காணிக்கையைத் தனியாக எண்ணுவது

ஒருபோதும் கூடாது. காணிக்கைப் பணத்தின் பொறுப்புக்குப் பவுலே தம் உடன் ஊழியரான தீத்துவோடு வேறு இரண்டு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார் (2 கொரிந்தியர் 8).

பதவி முடிந்தபின் சாவியை வைத்துக்கொள்வது

வங்கிப் பாஸ்புக், ரசீதுப் புத்தகங்கள், பீரோ சாவி ஆகிய எல்லாவற்றையும் பட்டியலிட்டு, புதிய செயலரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முதல் கூட்டத்துக்கு முன்பாகவே ஒப்படைத்துவிடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் அழைத்தால் மட்டும் போங்கள்.