பிரெஞ்சுப் பழம்பதக்கம் வாங்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

பழைய பிரெஞ்சுப் பதக்கங்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் முகப்பைப் பார்த்து மயங்குவார்கள். பேசுவது பின்பக்கமும் விளிம்பும்தான். 1915இல் உருவான, போர்க்களத் துணிவுக்காகத் தந்த 'குருவா த கேர்' (போர்ச் சிலுவை) என்ற வெண்கலச் சிலுவையைத் திருப்பினால் 1914-1915 முதல் 1914-1918 வரை ஏதேனும் ஓர் ஆண்டு இணை இருக்கும். ரிப்பனில் குத்திய நட்சத்திரம் அல்லது பனையோலைச் சின்னம் வீரர் பெற்ற பாராட்டின் படிநிலையைச் சொல்லும். ஆனால் அதை எவரும் பின்னாளில் குத்திவிடலாம். அதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

பிரான்சின் மிக உயரிய விருதான லெஜியன் தொன்னரின் பதக்கத்தில் நடுவட்டத்தில் 1870 என்றிருந்தால் அது 1870இல் தொடங்கிய மூன்றாம் பிரெஞ்சுக் குடியரசுக் காலத்து வடிவம். பச்சை எனாமல் இலைகளில் சிறு உடைசல் இருப்பது இயல்பு, ஆனால் விலை குறைய வேண்டும். பூதக்கண்ணாடி இல்லாமல் கடைக்குப் போகவே வேண்டாம்.

உழைப்புக்கான குடிமைப் பதக்கங்களில் பெரும்பாலும் பெற்றவரின் பெயர் பொறித்திருக்கும். எனக்கு இவைதான் அதிகம் பிடிக்கும், விலையும் குறைவு. விளிம்பில் வளக்கொம்பு (பழங்கள் நிரம்பி வழியும் கொம்பு) முத்திரையும், பிரெஞ்சில் வெள்ளியைக் குறிக்கும் 'அர்ழான்' என்ற சொல்லும் இருந்தால் அது பாரிஸ் நாணயச்சாலையின் வெள்ளிப் பதக்கம்.

ரிப்பனைப் புற ஊதா விளக்கில் காட்டுங்கள். பளிச்சென நீலவெண்மையாக ஒளிர்ந்தால் துணி பிற்காலத்ததாக இருக்கலாம். நான் ஒருமுறை கறுத்த வெள்ளிப் பதக்கத்தைப் பற்பசையால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் மங்கிப்போயின.