பிரேக்கில் ஏர் எடுக்கும்போது நாமே காற்றை உள்ளே விடும் இடங்கள்

பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால்தான் பிடிக்கிறது என்றால், பெரும்பாலும் லைனில் (பிரேக் ஆயில் போகும் குழாயில்) காற்று இருக்கிறது. அதை வெளியேற்றுவதைத்தான் ஏர் எடுப்பது என்கிறோம். பிரேக் ஆயில் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். காலின் பலம் சக்கரத்துக்குப் போகாமல் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். ஆயில் மட்டம் தானாகக் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் ஏர் எடுத்துப் பயனில்லை. எங்கோ கசிகிறது, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஏர் எடுத்த பிறகும் பெடல் இறுகவில்லை என்று பலர் சொல்வார்கள். நான் பார்த்தவரை, அங்கே மிச்சமிருப்பது பழைய காற்று இல்லை. எடுக்கும்போது நாமே விட்ட புதுக்காற்று.

முக்கியமான தவறு, நிப்பிளை (காற்றை வெளியே விட சக்கரத்துப் பிரேக்கில் இருக்கும் சின்னத் திருகு) மூடுவதற்குள் பெடலை விட்டுவிடுவது. ஒருவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். பெடல் கீழே இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் கால் மேலே வரலாம். ஒருமுறை என் மகனை உட்கார வைத்துவிட்டு சக்கரத்தடியில் இருந்து "ஆச்சா?" என்று கேட்டேன். அவனுக்கு அது "ஆச்சு" என்று கேட்டிருக்கிறது, காலை எடுத்துவிட்டான். டியூபுக்குள் கீழே இறங்கிக்கொண்டிருந்த ஆயில் என் கண்ணெதிரே திரும்பி ஏறி, பின்னாலேயே ஒரு நீளமான காற்றுத் துண்டையும் இழுத்துக்கொண்டு நிப்பிளுக்குள் போனது. அன்றிலிருந்து எங்களுக்குள் இரண்டே சொல்: "மிதி", "விடு". முதல் சொல்லுக்கு அவன் "பிடிச்சிருக்கேன்ப்பா" என்று பதில் சொன்னால்தான் நான் ஸ்பேனரைத் தொடுவேன்.

டியூபின் மறுமுனை பாட்டிலில் அந்தரத்தில் தொங்கக் கூடாது. பாட்டிலில் கொஞ்சம் புது ஆயிலை ஊற்றி முனையை அதில் முக்கி வைத்தால், கால் தவறினாலும் ஆயில்தான் திரும்பிப் போகும். வேக்குவம் பம்ப் வைத்து இழுப்பவர்களுக்கு வேறொரு குழப்பம் வரும்: குமிழி நிற்கவே நிற்காது. அது லைனில் இருந்து வருவதாக இருக்க வேண்டியதில்லை, நிப்பிளின் மரை வழியாகவும் வெளிக்காற்று நுழையும். பெடல் எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்தது மேலே இருக்கும் பிரேக் ஆயில் டப்பா. ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து நிரப்ப வேண்டும். பைக்கின் ஹேண்டில்பார் டப்பா மிகச் சிறியது, கண் மூடித் திறப்பதற்குள் காலியாகும். காலியானால் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் காற்று அதன் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாடுலேட்டருக்குள் போய்விட்டால், பல வண்டிகளில் ஸ்கேனர் இணைத்துத்தான் எடுக்க முடியும். அப்போது வீட்டு வேலையை நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப்பைத்தான் தேட வேண்டும்.

பிரேக் ஆயில் என்று பெயர் இருப்பதாலேயே கைக்குக் கிடைத்த இஞ்சின் ஆயிலை ஊற்றியவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பெட்ரோலியம் எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் தரங்களில் டாட் (DOT) 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகை. டப்பா மூடியில் எது எழுதியிருக்கிறதோ அதை ஊற்றுங்கள். டாட் 5 சிலிக்கான், இவற்றோடு சேராது. கிளைக்கால் வகை காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறிய நிலைக்கு அந்த அளவே 155 டிகிரிதான். போன வருடம் சீல் உடைத்த பாட்டிலையும், வடித்து எடுத்த ஆயிலையும் திரும்ப ஊற்றாமல் இருக்கக் காரணம் இதுதான். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடாகி ஆயில் கொதித்தால், லைனில் ஆவி நிறைந்து பெடல் தரைக்குப் போகும்.

பழைய காரில் பெடலைத் தரை வரை மிதிக்க விடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்தால் ஆயிலை லைனுக்குள் தள்ளும் பகுதி) சீல் வழக்கமாகப் போகாத பகுதியில் துரு படிந்திருக்கலாம், அது சீலைக் கிழிக்கும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை போதும். நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர்தான். வாய் திறந்த டபுள் எண்ட் ஸ்பேனர் போட்டால் நிப்பிளின் முனை மழுங்கும். இறுகியிருந்தால் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்துக் காத்திருங்கள்.

எந்தச் சக்கரம் முதலில்? மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமானது என்பது பொது வழக்கம், நம் ஊர்க் கார்களில் அது பின் இடது சக்கரம். ஆனால் லைன் குறுக்காகப் பிரிந்த (முன் வலதும் பின் இடதும் ஒரே லைன் என்பது போல) கார்களில் வரிசை மாறலாம், அந்த வண்டிக்கான மேனுவலைப் பாருங்கள். காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) கழற்றி மாட்டியிருந்தால், நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று கவனியுங்கள். இடமும் வலமும் மாறி மாட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும், காற்று மேலே தங்கும், எத்தனை மிதித்தாலும் வராது.

வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போக வேண்டாம், ஸ்டாண்டு போடுங்கள். பெயிண்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

முடித்ததும் இஞ்சினை ஆஃப் செய்தே மிதித்துப் பாருங்கள். உயரத்திலேயே கெட்டியாக நிற்க வேண்டும். அப்படியே மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் இறங்கும். அது பூஸ்டர் (கால் பலத்தோடு கூடுதல் பலம் சேர்க்கும் பகுதி) வேலை செய்வது, காற்று என்று நினைத்துத் திரும்பவும் நிப்பிளைத் திறக்காதீர்கள். அப்புறம் வாசலிலேயே நடை வேகத்தில் நாலைந்து முறை நிறுத்திப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் தடவுங்கள். விரல் காய்ந்திருந்தால் தெருவுக்கு எடுக்கலாம்.