அலைச்சறுக்கு பழகும் பெண்களுக்கு: வெட்சூட்டிலிருந்து முதல் நுரை அலை வரை

என் முதல் சர்ஃபிங் வகுப்பு இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. இரவல் வாங்கிப் போட்டிருந்த ஆண்கள் வெட்சூட் (குளிர்நீரில் உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) இடுப்பில் இறுக்கியது, முதுகுக் குழிவில் தொளதொளத்தது. ஒவ்வொரு அலைக்கும் குளிர்ந்த நீர் கழுத்து வழியாக உள்ளே இறங்கியது. பல் கிட்டத் தொடங்கியதும் கரையேறிவிட்டேன். அதனால் உடையிலிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: வெட்சூட்

வெட்சூட் தைக்கும் நியோப்ரீன், நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்த ரப்பர். அந்தக் குமிழிகள்தான் குளிரைத் தடுக்கின்றன. உள்ளே கசியும் கொஞ்சம் நீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே தங்கிவிடும். உடை தளர்ந்திருந்தால் அது வெளியேறி, புதுக் குளிர்நீர் வந்துகொண்டே இருக்கும்.

பெண்களுக்கென்று தைத்த வெட்சூட்டில் மார்புக்கும் இடுப்புக்கும் இடம் விட்டிருப்பார்கள். போட்டுப் பார்க்கும்போது குந்தி எழுந்திருங்கள், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். அக்குள், தொடைச் சந்து, கீழ்முதுகு மூன்றிலும் உடை தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். மூச்சு முட்டக் கூடாது.

3/2 என்று எழுதியிருந்தால் உடற்பகுதி 3 மி.மீ., கைகால் 2 மி.மீ. தடிமன் என்று பொருள். நீர் 24 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாக இருந்தால் நீச்சலுடைக்கு மேல் ராஷ்கார்ட் (தோல் உராயாமல் காக்கும் மெல்லிய, இறுக்கமான மேற்சட்டை) போதும். 18 டிகிரியை ஒட்டி 3/2 போடலாம். அதைவிடக் குளிர்ந்தால் 4/3.

போடுவதற்கும் ஒரு முறை உண்டு. பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு காலை நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். நகத்தால் இழுத்தால் ரப்பர் கிழியும். விரல் நுனிச் சதையால் பிடித்து, கணுக்காலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலேற்றுங்கள். தொடை சரியாக அமர்ந்த பிறகுதான் இடுப்புக்கு மேல் போக வேண்டும். உள்ளே முடிச்சில்லாத நீச்சலுடை போடுங்கள். பலகையில் குப்புறப் படுக்கும்போது முடிச்சு விலாவில் குத்தும். மாதவிடாய் நாள் என்றால் கப் அல்லது டாம்பன் போதும், வகுப்பைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

படி 2: வகுப்பு

ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், பெண்கள் அளவில் வெட்சூட் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். பயிற்சியாளர் நம் நிலையைத் தொட்டுத் திருத்துவதும் உண்டு. கூச்சமாக இருந்தால் பெண்கள் மட்டும் சேரும் வகுப்பைத் தேடுங்கள். நீச்சல் தெரியாது என்றால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

படி 3: மணலில்

8 முதல் 9 அடி நீள மென்பலகைதான் (மேற்புறம் மெத்தென்ற நுரைப்பொருளால் ஆனது) முதலில் வேண்டும். பின்காலில் லீஷ், அதாவது பலகையைக் காலோடு இணைக்கும் கயிறு, கட்டுங்கள். எது பின்கால்? யாராவது பின்னாலிருந்து லேசாகத் தள்ளட்டும். முன்னே போவது முன்கால், மற்றது பின்கால்.

குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை விலாவுக்குப் பக்கத்தில் பதியுங்கள். பலகையின் ஓரத்தைப் பிடிக்க வேண்டாம். நெஞ்சைத் தூக்கி, பின்காலை ஊன்றி, முன்காலைக் கைகளுக்கு நடுவே கொண்டுவந்து எழுங்கள். முழங்கால் மடங்கியே இருக்கட்டும், பார்வை கரையில். பெண்களுக்குக் கைவலு போதாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹவாய்ப் பெண்கள் கனமான மரப்பலகைகளிலேயே தலைமுறை தலைமுறையாக அலையேறியவர்கள்.

படி 4: நீரில்

இடுப்பளவு ஆழம் போதும். உடைந்து நுரையாக வரும் அலைதான் நமக்கு. பலகையை எப்போதும் உங்கள் உடம்புக்குப் பக்கத்தில் பிடியுங்கள். உங்களுக்கும் அலைக்கும் நடுவே வந்தால் அது உங்கள் மேலேயே மோதும். நுரை நெருங்கியதும் படுத்துக் கைகளால் துடுப்பிடுங்கள். பலகையின் வால் தூக்குவது வயிற்றில் தெரியும். அப்போது இன்னும் இரண்டு வீச்சு, அப்புறம் எழுங்கள். பலகையின் முன்நுனி நீரில் குத்தினால் அடுத்த முறை ஒரு சாண் பின்னால் படுங்கள்.

விழும்போது தலைகுப்புறப் பாயாமல் தட்டையாக விழுந்து, கைகளால் தலையை மூடிக்கொண்டு மேலே வாருங்கள். நீரோட்டம் கடலுக்குள் இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள். பலகையை விடாமல் கையைத் தூக்கி உதவி கேளுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாக நகருங்கள்.

கரையேறியதும் வெட்சூட்டை நல்ல நீரில் அலசி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, இடுப்பில் மடித்து நிழலில் தொங்கவிடுங்கள். வெயில் பட்டால் ரப்பர் விறைத்துவிடும்.